‘திரும்பி வர விடலாமா?’: ஊர் நூலகத்தில் இந்தப் பேச்சை எடுக்கிறவர்களுக்கு

முதலில் நான் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில், கேரள எல்லையை ஒட்டிய பந்தலூர் தாலுகாவில், சேரம்பாடிப் பக்கம் ஒரு ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை வாசகர் வட்டம். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருப்பவர்கள், பஜாரில் கடை வைத்திருப்பவர்கள், கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். 2019 ஏப்ரல் 27 அன்று அவர்கள் முன்னால் நான் போட்ட கேள்வி இது: வெளிநாட்டுக்குப் போய்த் தீவிரவாத இயக்கத்தில் சேர்ந்தவர்கள் திரும்பி வர நினைத்தால் விடலாமா, கூடாதா?

அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்தே பேப்பரில் ஷமீமா பேகம் பற்றி வந்துகொண்டிருந்தது. ஐஎஸ் (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத இயக்கத்தில் சேரச் சிரியா போன லண்டன் பெண். அதை வைத்துப் பேசலாம் என்று மாதத் தொடக்கத்திலேயே அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டேன். நடுவில் ஏப்ரல் 21 வந்தது. ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பில் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த எங்கள் லயங்களில் பாதிப் பேருக்குச் சித்தப்பா மகளோ மாமன் மகனோ இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வாரம் முழுக்கப் போனும் கையுமாக அலைந்த ஜனங்களை ஆறாம் நாள் உட்காரவைத்து ‘வர விடலாமா’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பலகையில் எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுத எனக்குச் சோம்பல். அவ்வளவுதான் உண்மை.

பத்து நிமிஷத்தில் சத்தம் கிளம்பியது. அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய தப்பு. அன்றைய கூட்டத்தில் ஒரே ஒரு முஸ்லிம் இருந்தார். பஜாரில் குடை ரிப்பேரும் ரெக்சின் பை வேலையும் பார்ப்பவர். பூர்வீகம் மலப்புறம். ஊரே அவரை இக்கா என்றுதான் கூப்பிடும். சத்தத்தை அடக்குவதாக நினைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, “இக்கா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்றேன். மொத்த அறையும் அவர் பக்கம் திரும்பியது. கையிலிருந்த டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். “எனக்கு இதுல என்ன சொல்லக் கெடக்கு மோளே” என்றார். கொஞ்ச நேரம் இருந்தார், கடையில் ஆள் இல்லை என்று எழுந்து போனார். டம்ளரில் பாதித் தேத்தண்ணி அப்படியே இருந்தது. அந்த வருஷம் அவர் மறுபடி வாசகர் வட்டத்துக்கு வரவில்லை.

ஐந்து வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அதே கேள்வியை மறுபடி எடுத்தோம். அந்தத் தடவை பேச்சு பேச்சாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை, இதேபோல வாசகர் வட்டமோ பள்ளி மன்றமோ நடத்துகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நாள், நேரம், நாற்காலி

எங்கேயாவது குண்டு வெடித்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு இந்தப் பேச்சே வேண்டாம். அறிவித்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள். தேர்தல் நேரத்திலும் வேண்டாம்.

எங்கள் ஊரில் மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்தேகாலுக்கு முடித்தாக வேண்டும். ‘சோலையோரம் ஆனை நிக்குது’ என்று போன் வந்தால் நாலரைக்கே கிளம்பிவிடுவார்கள். பலாப்பழ சீசனில் அதுவும் சொல்ல முடியாது. உங்கள் ஊரில் ஆனை இல்லாவிட்டாலும் முடிக்கும் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவு நேரம் தெரிந்தால் யாரும் கடைசி வார்த்தைக்காக மல்லுக்கட்டுவதில்லை.

பட்டிமன்றமாக மட்டும் வைக்காதீர்கள். பட்டிமன்றம் எனக்குப் பிடிக்கும், தீபாவளிக்கு டிவி முன்னால் நானும்தான் உட்காருவேன். ஆனால் அணி பிரித்தால் அவரவர் அணிக்காகப் பேசுவார்கள், கைதட்டலுக்காக ஒரு ஜோக் விழும். செத்துப்போன குழந்தைகளைப் பற்றிய பேச்சில் ஜோக் விழுந்தால் அதை எடுத்து வெளியே போட முடியாது. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், நடுவர் வேண்டாம்.

யாரையும் அவர் மதத்தின் பேரால் கூப்பிட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பேச விரும்புகிறவர் தானாகப் பேசுவார். பேசாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

கேள்வியை உடைத்துப் போடுவது

‘விடலாமா, கூடாதா’ என்று கேட்டால் ஊர்ப் பஞ்சாயத்தில் தள்ளிவைப்பதைப் போல ஆகிவிடும். அந்த ஒரு கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. 2024இல் நான் அவற்றைப் பிரித்து அட்டையில் எழுதினேன். போனபோது அவருக்கு என்ன வயது? அங்கே என்ன செய்தார், அது எங்கேயாவது நிரூபணமாகியிருக்கிறதா? இங்கே வராவிட்டால் அவர் எங்கே இருப்பார், யார் தலையில்? அவரால் பாதிக்கப்பட்டவர்கள் நியாயம் கேட்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவார்கள்?

ஐந்தாவது ஒன்றைக் கூட்டத்திலேயே ஒரு பையன் சேர்த்தான். கூடலூர்க் கல்லூரியில் பி.காம். முடித்தவன். “அக்கா, வர விடறதும் போய்க் கூட்டிட்டு வர்றதும் ஒண்ணா?” என்றான். நான் யோசிக்காத கேள்வி. சொந்தக் கால்களில் விமான நிலையம் வந்து நிற்கிறவரை உள்ளே விடுவது ஒன்று. வெளிநாட்டு ஜெயிலில் இருக்கிறவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது, பயணச் சான்று கிடையாது. தூதரகம் கை கொடுக்காமல் அவர் ஒரு அடி நகர முடியாது. அப்படிப்பட்டவரைப் பார்த்து ‘நாங்கள் தடுக்கவில்லையே’ என்று ஒரு அரசு சொன்னால், அது தடுப்பதுதானே?

கதைகளை எடுத்து வைப்பது

கருத்தை வாசிக்காதீர்கள், கதையை வாசியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். ஒவ்வொரு வரியிலும் தேதி இருக்கட்டும். கரும்பலகையை நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘சொல்கிறார்கள்’, மறுபக்கம் ‘தீர்ப்பானது’ என்று எழுதிவிட்டு, படிக்கப் படிக்க ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் போகும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். மலையாளம் வாசிக்கிறவர்கள் இருந்தால் மாத்ருபூமி, மனோரமா நறுக்குகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எல்லையோர ஊரில் இருப்பதில் அப்படி ஒரு வசதி.

நான் வைத்த முதல் கதை ஷமீமாவுடையது. லண்டனில் பிறந்தவர். 2015 பிப்ரவரியில், 15 வயதில், பள்ளித் தோழிகள் இருவரோடு துருக்கி வழியாகச் சிரியாவுக்குப் போனார். நான்கு வருஷம் கழித்து அகதி முகாமில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஒரு பத்திரிகையாளர் அவரைக் கண்டார். சில நாட்களில் பிரிட்டன் குடியுரிமையைப் பறித்தது. அந்தக் குழந்தை மார்ச்சில் செத்தது, அதற்கு முன் பிறந்த இரண்டும் ஏற்கெனவே செத்துப்போயிருந்தன. பெற்றோர் வழியில் அவருக்கு வங்கதேசக் குடியுரிமை இருக்கிறது, அதனால் நாடற்றவராக ஆக்கவில்லை என்பது பிரிட்டனின் வாதம். வங்கதேசம் அவர் தங்கள் குடிமகள் இல்லை என்று கைவிரித்தது. 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வழக்கை நடத்துவதற்காக அவரை நாட்டுக்குள் விட வேண்டியதில்லை என்றது. 2023இல் இப்படிப்பட்ட மேல்முறையீடுகளை விசாரிக்கும் சிறப்பு ஆணையம், அவர் கடத்தப்பட்டவராக இருக்கலாம் என்று நம்பத்தகுந்த சந்தேகம் உண்டு என்று ஒத்துக்கொண்டது. ஆனாலும் குடியுரிமையைப் பறித்த அமைச்சரின் முடிவு செல்லும் என்றது. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

கரும்பலகையில் ‘தீர்ப்பானது’ பக்கம் இதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். குடியுரிமை போனது தீர்ப்பானது. அவர் செய்த குற்றம் என்ன என்பது எந்தக் கோர்ட்டிலும் தீர்ப்பாகவில்லை. இதை எழுதி முடித்ததும் கூட்டம் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது.

இரண்டாவது கதை பக்கத்து வீட்டுக்கதை. 2016இல் காசர்கோடு, பாலக்காடு பகுதிகளிலிருந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஐஎஸ்ஸில் சேர ஆப்கானிஸ்தான் போனார்கள். அவர்களில் நான்கு பெண்கள், கணவன்மார் செத்த பிறகு, 2019 கடைசியில் அங்கே சரணடைந்து குழந்தைகளோடு காபூல் ஜெயிலில் அடைக்கப்பட்டார்கள். அவர்களைக் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்து ஜெயில்களைத் திறந்துவிட்டது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு தகப்பனின் மனுவை எட்டு வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அந்தத் தகப்பன் கேட்டது மகளை விடுதலை செய்யச் சொல்லியா என்று கூட்டத்தில் கேளுங்கள். கொண்டுவந்து இங்கே விசாரியுங்கள் என்பதுதான் பெற்றோர் பேச்சு. இதை வாசித்தபோது வயநாட்டுப் பக்கத்துச் சேச்சி ஒருத்தி, “அம்மைக்குப் பேரக்குட்டி முகம் பாக்கணும், அதுல என்ன தீவிரவாதம்?” என்றாள். கருத்தாக எடுத்துக்கொண்டால் அது முழுசாகச் சரியில்லை. ஆனால் அறையில் இருந்த அம்மாக்கள் யாரும் அதற்கு மறுத்துப் பேசவில்லை.

மூன்றாவது கதை தன்னாலேயே திரும்பி வந்தவர்களுடையது. மும்பைக்குப் பக்கத்துக் கல்யாணிலிருந்து 2014இல் ஈராக் போன நான்கு இளைஞர்களில் ஒருவர் அதே வருஷம் நவம்பரில் திரும்பினார். வந்தவுடன் கைது. ஆறு வருஷத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகவே இருந்தார், வழக்கு முடிகிற வழியைக் காணோம் என்பதைக் கணக்கில் எடுத்து 2021இல் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீனை உறுதிசெய்தது. இன்னொருவர் தொடுபுழாக்காரர். 2015இல் ஈராக் போய், சில மாதங்களில் திரும்பி, ஒரு வருஷம் சத்தம் காட்டாமல் இருந்து, 2016 அக்டோபரில் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பிடிபட்டார். 2020 செப்டம்பரில் கொச்சி என்ஐஏ (தேசியப் புலனாய்வு முகமை) நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. இந்தியாவோடு நட்பாக இருக்கும் ஆசிய நாடு ஒன்றின் மீது போர் தொடுத்த குற்றத்துக்கான, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அதில் இருந்தது. கடையநல்லூரில் உறவு உள்ள ஒரு டெய்லர் இதை வாசித்து முடித்ததும், “அப்ப இங்கயே விசாரிக்க முடியும்னுதானே அர்த்தம்?” என்றார். முடியும். ஒருவருக்கு நாலு வருஷத்தில் தீர்ப்பு, இன்னொருவருக்கு ஆறு வருஷம் ஆகியும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது கதையை விட்டுவிடாதீர்கள். இதை விட்டால் மொத்தப் பேச்சும் போனவர்களுக்கான அனுதாபமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். யாஸிதிகள் ஈராக்கின் சிஞ்சார் மலையைச் சுற்றி வாழ்கிற மக்கள். 2014 ஆகஸ்டில் ஐஎஸ் அவர்கள் ஊர்களுக்குள் புகுந்தது. ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அப்படி ஒரு தாயையும் ஐந்து வயது மகளையும் வாங்கிய வீட்டில் இருந்தவள் ஒரு ஜெர்மன் பெண். 2015 வெயில் காலத்தில், படுக்கையை நனைத்துவிட்டாள் என்பதற்காக, அவள் கணவன் அந்தக் குழந்தையை வெளியே வெயிலில் சங்கிலியால் கட்டிப்போட்டான், ஜெர்மன் பெண் தடுக்கவில்லை. குழந்தை தாகத்தில் செத்தது. ஜெர்மன் பெண் பிறகு ஜெர்மனிக்கே திரும்பி வந்தாள், 2018இல் கைதானாள். மூனிச் நீதிமன்றத்தில் அந்தத் தாயே சாட்சி சொன்னாள். 2021 அக்டோபரில் பத்து வருஷச் சிறை, பிறகு அது பதினான்காக உயர்ந்தது. கணவன் ஈராக்கியன். அவன் கிரீஸில் பிடிபட்டு, பிராங்பர்ட்டில் இனப்படுகொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றான்.

என்னுடைய கட்சியை நான் முடிவு செய்தது இந்தக் கதையில்தான். அந்தப் பெண்ணை ஜெர்மனி ‘நீ எங்களவள் இல்லை’ என்று கைகழுவியிருந்தால், அவள் ஏதாவது முகாமில் கிடந்திருப்பாள். அந்தத் தாய் யாரிடம் போய்ச் சாட்சி சொல்லியிருப்பாள்? உள்ளே விடுவதென்றால் மன்னிப்பது என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். கூண்டில் ஏற்ற வேண்டுமென்றாலும் முதலில் ஆளை உள்ளே விட்டுத்தானே ஆக வேண்டும்?

நேரமிருந்தால் ஐந்தாவதாகக் கஜகஸ்தானைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் சிரியாவிலிருந்து தன் ஆட்கள் அறுநூறு பேரளவுக்கு விமானம் அனுப்பிக் கொண்டுவந்த நாடு அது. அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். குற்றம் செய்தவர்களை ஜெயிலில் போட்டார்கள், மற்றவர்களை மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்பினார்கள். அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ஜூசான். அவர்கள் புல்வெளிகளில் வளரும் ஒரு கசப்புச் செடி, அந்த வாசனை வந்தால் ஊர் ஞாபகம் வருமாம். நம் மாசிபத்திரியின் இனம்தான் அது. எங்கள் ரோட்டோரமெல்லாம் கிடக்கிற மாசிபத்திரிக்குத் தாவரவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு வாசலில் பறித்துவைத்திருந்த ஒரு கொத்தைச் சுற்றில் விட்டேன். எல்லோரும் கசக்கி முகர்ந்து பார்த்தார்கள். பேச்சு சூடேறும் நேரத்தில் இப்படிக் கைக்கு ஒரு வேலை கொடுப்பது நல்லது.

சட்டத்தை எவ்வளவு சொல்வது

அரைப் பக்கம் போதும். பிறப்பால் இந்தியக் குடிமகனாக இருப்பவரிடமிருந்து குடியுரிமையைப் பறிக்க 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தில் இடமில்லை. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் 9ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போகும். ஐஎஸ்ஸை யாரும் நாடாக ஏற்கவில்லை, அதனால் அது இங்கே பொருந்தாது. பறிப்பதைப் பேசும் 10ஆம் பிரிவு, பதிவு மூலமோ விண்ணப்பித்தோ குடியுரிமை பெற்றவர்களைப் பற்றியது. இந்தியக் குடிமகன் உலகில் எந்த மூலையில் குற்றம் செய்தாலும் இங்கே விசாரிக்கலாம், அதற்கு மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். தடைசெய்யப்பட்ட இயக்கத்தில் உறுப்பினராக இருப்பதே ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்பு) சட்டப்படி குற்றம். தன் நாட்டுக்குள் நுழையும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்று சொல்லும் சர்வதேச உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருக்கிறது.

இந்த அரைப் பக்கத்தை வாசிக்கும்போது உங்கள் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை.

10ஆம் பிரிவை வாசித்ததும் மூலையிலிருந்து லயத்துப் பெரியம்மா, “அப்ப நானு?” என்றார். அறுபத்தெட்டு வயது. பொகவந்தலாவைத் தோட்டத்தில் பிறந்தவர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து இங்கே வந்தவர். என் அப்பா அம்மாவும் அப்படித்தான் வந்தார்கள். தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி ஒன்றரை லட்சம் பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அவர்களை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். எங்களுக்காக அரசு போட்ட தேயிலைத் திட்டம்தான் பிறகு டேன்டீ ஆனது. ‘தாயகம் திரும்பியோர்’ என்று எங்களுக்குப் பெயர். என் அப்பா அதற்கு முன் ஒரு நாள்கூட இந்தியாவைப் பார்த்ததில்லை, எங்கிருந்து திரும்புவது?

விஷயம் என்னவென்றால், எங்கள் பெரியவர்களெல்லாம் விண்ணப்பம் போட்டு, பதிவு செய்து, குடியுரிமை வாங்கி வந்தவர்கள். நாங்கள் இங்கே பிறந்தவர்கள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிற தாய்க்கு ஒரு மாதிரி, மகளுக்கு ஒரு மாதிரி. “பெரியம்மா, மோசடி பண்ணி வாங்குனா, அரசியல் சட்டத்துக்கு விரோதமா நடந்தா, அப்படின்னு குறிப்பிட்ட காரணம் இருந்தாத்தான். அதுக்கும் விசாரணை உண்டு” என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தவர் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

எனக்குக் கை பரபரத்தது. இதுதான் சமயம் என்று, “பார்த்தீங்களா, ஷமீமாவைப் பார்த்து ‘உன் நாடு வங்கதேசம், அங்கே போ’ன்னு சொல்றதும், நம்மளைப் பார்த்து சிலோன்காரன் ‘உன் நாடு இந்தியா’ன்னு சொன்னதும் ஒண்ணுதானே?” என்றேன். கூட்டம் நடத்துகிறவர் இப்படி நீட்டி முழக்கக் கூடாது. பெரியம்மா என்னைப் பார்த்தார். “நாங்க கொழுந்து கிள்ளப் போன ஜனம். அவ கழுத்தறுக்குற கூட்டத்தத் தேடிப் போனவ. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காத” என்றார். கொஞ்சம் விட்டு, “ஆனா பேப்பர்ல பேர் இல்லேன்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். அத அவளுக்குக்கூடச் செய்ய வேணாம். புடிச்சு உள்ள போடட்டும்” என்றார்.

நான் இரண்டு நறுக்குகளும் ஒரு கரும்பலகையும் வைத்துக்கொண்டு சொல்ல முயன்றதை அவர் வெற்றிலைப் பையைப் பிடித்தபடி சொல்லிவிட்டார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், அவரவர் ஊருக்கு அவரவர் கதை. ஒப்பிடும் வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஒப்பிடவும் அவர்களுக்குத் தெரியும், எங்கே நிறுத்துவது என்றும் தெரியும்.

எதிர்ப்பக்கத்தைக் குறைக்காதீர்கள்

யாராவது ஒருவர் பாரிஸைச் சொல்வார். 2015 நவம்பரில் 130 பேரைக் கொன்றவர்களில் சிரியா போய்த் திரும்பியவர்கள் இருந்தார்கள். 2014 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் யூத அருங்காட்சியகத்தில் நான்கு பேரைச் சுட்டவனும் சிரியாவிலிருந்து வந்தவன். இவற்றைச் சொல்கிறவரை ‘வெறுப்புப் பேச்சு’ என்று அடக்காதீர்கள், அது நடந்தது. எங்கள் கூட்டத்தில் சொன்னவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். ஒரு ஆளை இருபத்துநாலு மணி நேரமும் கண்காணிக்க எத்தனை போலீஸ் வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மூன்று ஷிப்ட், லீவு மாற்றல், ஒரு வண்டி. போர்க்களத்தில் நடந்ததற்குச் சாட்சியை எங்கே தேடுவது என்றும் கேட்டார். சாட்சி கிடைக்காமல் அஞ்சு வருஷத்தில் வெளியே வந்துவிட்டால்? நியாயமான கேள்வி, என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்றை மட்டும் சொன்னேன்: பாரிஸில் வந்தவர்கள் கள்ளத்தனமாக நுழைந்தவர்கள், விமான நிலையத்தில் போலீஸ் காத்திருக்க வந்தவர்கள் இல்லை. அவர், “கதவ அடைச்சா ஜன்னல் வழியா வருவான், அதானே சொல்ல வர்றே? ஜன்னலையும் அடைக்கணும்னு நான் சொல்றேன்” என்றார். சிரிப்பு வந்தது, ஆனால் பட்டிமன்றச் சிரிப்பு இல்லை.

குழந்தைகளைப் பற்றிய பேச்சைத் தனியாக வையுங்கள். பெற்றோர் பேச்சோடு கலந்தால் குழந்தையைக் கேடயமாகப் பிடிக்கிற மாதிரி ஆகிவிடும். தனியாக வைத்தபோது எங்கள் ஊரில் விவாதமே இல்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

முடிக்கும்போது

கை தூக்கச் சொல்லி எண்ணாதீர்கள். துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். வாசித்துக் காட்டவும் வேண்டாம். வேண்டுமானால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

2019க்கும் 2024க்கும் நடுவில் இக்கா கடைக்கு இரண்டு தடவை குடையை எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவை மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, கம்பி மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் தடவை கேட்டேன். குடையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அன்னைக்கி நீ என்னை விளிச்சப்போ எல்லாவனும் என்னை நோக்கினான். அதுதான் கஷ்டம்” என்றார். காசு வாங்கவில்லை. 2024 மார்ச் கூட்டத்துக்கு வந்து கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரமும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் அவர் பக்கம் திரும்பவில்லை. சீட்டு மட்டும் எழுதினார். மலையாள எழுத்தில் இருந்த சீட்டு அது ஒன்றுதான் என்பதால் அவருடையது என்று தெரிந்தது. சேச்சி தன் சீட்டைத் தமிழில் எழுதியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துத்தான் அதை வாசிக்க ஆள் பிடித்தேன், யார் எழுதியது என்று சொல்லாமல். ‘இறங்கிய உடனே விலங்கு போடட்டும். ஜீப்பில் ஏற்றும் முன் உம்மாவை ஒரு தடவை காட்டட்டும்’ என்று எழுதியிருந்தாராம்.

சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். இந்த மலை ஈரத்தில் ஜெல் பேனா மை ஆடி மாதத்துக்குள் ஊறிப் படர்ந்துவிடுகிறது. முதல் வருஷச் சீட்டுகள் பாதி எனக்கு அப்படித்தான் போயின.